பொட்டாசியமா, காலியுமா? ஒரே பொருளுக்கு மூன்று பெயர்

திகாம் பத்து என்று சொன்னால், தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளி முதலில் கேட்பது "எது பத்து?" என்பதாகத்தான் இருக்கும். தமிழ்க் காதுக்குப் பத்து என்றால் எண். மலாய்க் காதுக்கு அது கல். கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணிக்குத் தெற்கே இருக்கும் இந்தச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. ஒரே ஒலி இரண்டு மொழியில் இரண்டு பொருள் தரும் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே பழகிப்போன விஷயம்.

ஆனால் இதற்கு நேர்மாறான குழப்பம் ஒன்று உண்டு. பொருள் ஒன்றுதான், பெயர் மட்டும் மொழிக்கு மொழி மாறுகிறது. அது பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணோடு போய்விடும். தோட்டத்தில் பணத்தைத் தின்னும். மருத்துவமனையில் உயிர் வரைக்கும் போகலாம். இந்த வாரம் எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான்: பொட்டாசியம் என்பதும் காலியும் என்பதும் ஒன்றா, வேறா?

ஒரு வீட்டுக் காட்சி

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பாட்டி முன்னாளில் பால்மரம் வெட்டியவர். பல ஆண்டுகளாக இனிப்பு நீர். இப்போது சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்திருக்கிறார். அங்கிருந்த மிஸ்ஸி மலாயில், "காலியும் திங்கி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதாவது காலியும் அதிகம்.

"காலியா? என்னாடா காலியாப் போச்சு? ரத்தமா?" என்று கேட்கிறார் பாட்டி.

நான்காம் படிவத்தில் படிக்கும் பேரன், "இல்ல பாட்டி, காலியும்னா ஒரு உலோகம். வேதியியல்ல படிக்கிறோம்" என்கிறான். "உலோகமா? நான் எப்படா இரும்பத் தின்னேன்?" என்று பாட்டி இன்னும் பயந்துபோகிறார். அக்கா தாளை வாங்கிப் பார்க்கிறார். அதில் ஆங்கிலத்தில் பொட்டாசியம் என்று அச்சாகியிருக்கிறது. "காலியும்னு எதுவுமே இதுல இல்லியே தம்பி. பொட்டாசியம்தான் கூடியிருக்கு" என்கிறார். இதற்குள் பக்கத்து வீட்டு அம்மா, உடம்புச் சூடு தணியட்டும் என்று இரண்டு இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இந்தக் காட்சியில் யாரும் தவறாகப் பேசவில்லை. மிஸ்ஸி சொன்னது சரி. பேரன் சொன்னது சரி. அக்கா படித்ததும் சரி. மூவரும் ஒரே பொருளைத்தான் சொன்னார்கள். அது தெரியாததால்தான், பொட்டாசியம் நிறைந்த இளநீர், பொட்டாசியம் கூடிப்போன பாட்டியின் கைக்கு வருகிறது.

அக்கா ஒரு பெயரையும் தம்பி வேறு பெயரையும் சொல்வதற்கு நம் நாட்டின் கல்விக் கொள்கையே காரணம். 2003-ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் இதில் அடங்கும். அந்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, பள்ளிப் படிப்பு முழுவதும் பொட்டாசியம் என்றே படித்தது. 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிட அரசாங்கம் முடிவு செய்தது. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் மறுபடியும் தமிழுக்கு வந்தது. இடைநிலைப் பள்ளியில் மலாய்க்குப் போனது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபோது சில பள்ளிகள் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தன. ஆகவே ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரு தனிமத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் புழங்குகின்றன.

இரண்டு பெயருக்கும் மூலம் சாம்பல்

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? இரண்டின் வேரும் அடுப்புச் சாம்பலில்தான் இருக்கிறது.

பழைய காலத்தில் ஐரோப்பியர்கள் மரத்தை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அந்த நீரைப் பானையில் காய்ச்சி வற்றவைத்தார்கள். அடியில் வெள்ளை உப்பு தங்கியது. சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது தேவைப்பட்டது. பானையில் கிடைத்த சாம்பல் என்பதால் ஆங்கிலத்தில் அதற்குப் 'பாட் ஆஷ்' என்று பெயர். அதுவே பொட்டாஷ் ஆனது.

அரபு மொழியில் செடியைச் சுட்டெடுத்த சாம்பலுக்கு 'அல் கலி' என்று பெயர். ஆங்கிலத்திலும் மலாயிலும் காரப் பொருளைக் குறிக்கும் 'அல்கலி' என்ற சொல் இதிலிருந்து வந்தது. காலியும் என்பதும் இதே சொல்லின் வழி வந்ததுதான்.

1797-இல் ஜெர்மனியின் வேதியியலாளர் கிளாப்ரோத், எரிமலைப் பாறையில் கிடைக்கும் ஒரு கனிமத்திலும் இந்தப் பொட்டாஷ் இருப்பதைக் கண்டார். அதுவரை இதைச் 'செடிக் காரம்' என்றே அழைத்துவந்தார்கள். கல்லிலும் இருக்கும் பொருளைச் செடியின் பெயரால் அழைப்பது பொருந்தாது என்று கருதி, 'காலி' என்ற பெயரை அவர் முன்மொழிந்தார்.

பத்து ஆண்டு கழித்து, 1807 அக்டோபரில், லண்டனில் ஹம்ப்ரி டேவி உருகிய காரப் பொட்டாஷுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினார். பாதரசம் போலப் பளபளக்கும் சிறு குமிழ்கள் வெளிவந்து தீப்பற்றி எரிந்தன. மின்சாரத்தால் பிரித்தெடுக்கப்பட்ட முதல் உலோகம் அதுதான். மகிழ்ச்சியில் டேவி அறைக்குள் துள்ளிக் குதித்தார் என்று, உடன் வேலை பார்த்த அவருடைய உறவினர் எட்மண்ட் டேவி பின்னர் எழுதினார். பொட்டாஷிலிருந்து வந்ததால் டேவி அதற்குப் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார்.

ஜெர்மானியர்கள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. 'காலி' என்ற சொல் ஏற்கெனவே இருந்ததால், 1809-இல் கில்பர்ட் என்பவர் 'காலியம்' என்ற பெயரைச் சொன்னார். தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு அமைத்த ஸ்வீடன் நாட்டு பெர்சிலியஸும் காலியம் என்பதையே எடுத்துக்கொண்டார். அதன் முதல் எழுத்தான 'கே' உலகம் முழுவதற்கும் குறியீடாக நிலைத்தது. ஆங்கிலப் பெயரில் இல்லாத எழுத்து குறியீட்டில் இருப்பதன் காரணம் இதுதான்.

பின்னாளில் உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலி மொழிகள் பொட்டாசியம் பக்கம். ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், ஜப்பான் மொழிகள் காலியம் பக்கம். டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில் காலியும் வழங்கியது. மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972-இல் பொது எழுத்துமுறைக்கு வந்தன. கலைச்சொற்களையும் நெருக்கிக்கொண்டுவர முயன்றன. இன்று மலாய் வேதியியல் பாடநூலில் இருப்பது காலியும்தான். சோடியத்துக்கும் இதே கதை. மலாயில் அது நாத்ரியும்.

தமிழ் என்ன செய்தது?

தமிழில் வேதியியலைச் சொல்லும் முயற்சி இன்று நேற்று தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியில் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் 1875-இல் தமிழில் வெளிவந்தது. தமிழ்நாட்டில், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, 1916-இல் தமிழ் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார். வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்கு எளிய தமிழ்ச் சொல் தேடுவது அதன் வேலை.

தனிமத்தின் பெயர் வரும்போது தமிழ் பெரும்பாலும் உலகப் பெயரையே எடுத்து, தன் எழுத்தில் எழுதிக்கொண்டது. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் பொட்டாசியம். இலங்கையில் பொற்றாசியம். ஆங்கிலத்தின் 'ட்' ஒலியை 'ற்ற' என்று எழுதுவது யாழ்ப்பாணத்து வழக்கம். ரயில்வேயிலும் தோட்ட அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்கள் கெடாவிலும் உண்டு. அந்த வீடுகளில் பெரியவர்கள் வைத்திருந்த பழைய புத்தகங்களில் இந்த எழுத்துமுறையைப் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

அது வெறும் உச்சரிப்பு வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் ஒரு நன்மை இருக்கிறது. கொஞ்சம் கீழே அது புரியும்.

அதற்கு முன், நம் முன்னோர் வைத்த பெயர்களையும் பார்ப்போம். பொட்டாசியம் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே பொட்டாசியச் சேர்மங்கள் தமிழர் கையில் இருந்தன. வெடியுப்பு என்று நாம் சொல்வது பொட்டாசியம் நைட்ரேட். வெடிமருந்தின் முக்கியச் சரக்கு. பீகாரில் எடுக்கப்பட்ட வெடியுப்பை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கவும், சவரம் செய்த முகத்தில் தேய்க்கவும் பயன்படும் படிகாரம், பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட்.

இந்தப் பழைய பெயர்கள் அழகானவை. ஆனால் அவற்றை நம்பி வேதியியல் செய்ய முடியாது. காரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாயும் காரம். அப்பளக்காரமும் காரம். வெண்காரம் என்றால் போராக்ஸ். அது சோடியச் சேர்மம். படிகாரத்தின் பெயரில் காரம் இருக்கிறது, ஆனால் தண்ணீரில் கரைத்தால் அது அமிலத் தன்மை காட்டும். ஆங்கிலப் பழம்பெயர்களும் இதற்கு விலக்கில்லை. வெடியுப்பு என்ற பொருள்படும் சொல்லோடு 'சிலி' என்ற நாட்டுப் பெயரைச் சேர்த்தால் அது சோடியம் நைட்ரேட் ஆகிவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். பொட்டாசிய வகை அப்படிக் கசியாது. வெடிமருந்தில் இந்த வேறுபாடு சின்ன விஷயமா?

பெயரைப் பிரித்துப் படிக்கும் முறை

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1787-இல் பிரான்ஸில் லவோசியரும் அவருடைய கூட்டாளிகளும் புதிய பெயரிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பொருளின் பெயரைக் கேட்டதும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதே அவர்களின் கொள்கை. 1919-இல் அமைக்கப்பட்ட அனைத்துலக வேதியியல் சங்கம் அந்த வேலையைத் தொடர்கிறது.

முறை எளிது. முதல் சொல் உலோகத்தைச் சொல்லும். இரண்டாவது சொல் அதனோடு சேர்ந்த கூட்டாளியைச் சொல்லும். அந்த இரண்டாவது சொல்லின் வால்தான் முக்கியம்.

'ஐடு' என்று முடிந்தால் கூட்டாளி பெரும்பாலும் ஒரே தனிமம். பொட்டாசியம் குளோரைடு என்றால் பொட்டாசியமும் குளோரினும் மட்டும். ஹைட்ராக்சைடு, சயனைடு போன்ற சில மட்டும் விதிவிலக்கு. 'ஏட்' என்று முடிந்தால் ஆக்சிஜனும் கூடச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். நைட்ரேட்டில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உண்டு. 'ஐட்' என்று முடிந்தாலும் ஆக்சிஜன் உண்டு. ஆனால் 'ஏட்' வகையைவிடக் குறைவு.

வாலில் ஓர் ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். பொட்டாசியம் குளோரைடு உரமாகவும் மருந்தாகவும் பயன்படுகிறது. பொட்டாசியம் குளோரேட், தீக்குச்சி முனையிலும் பட்டாசிலும் தீயைத் தூண்டும் சரக்கு. மலாயிலும் அப்படித்தான். குளோரிடா வேறு, குளோராட் வேறு.

இங்கேதான் தமிழ் எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் 'ட' என்ற ஓர் எழுத்துதான் ஆங்கிலத்தின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் பொது. சல்பைடு என்றால் கந்தகம் மட்டும் சேர்ந்தது. சல்பைட் என்றால் கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே இருப்பது கடைசியில் ஒரு புள்ளிக்கும் ஓர் உகரத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. அவசரமாக எழுதும் மாணவர் கையில் அது காணாமல் போகும். சல்பைட் வகை உப்புகள் உணவு கெடாமல் காக்கச் சேர்க்கப்படுகின்றன. சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு வரும்.

யாழ்ப்பாணத்து வழக்கம் இந்த இடத்தில் உதவுகிறது. அங்கே குளோரைட்டு என்று 'ட்டு' போட்டு முடிப்பார்கள். நைத்திரேற்று என்று 'ற்று' போட்டு முடிப்பார்கள். வல்லொலிக்கு ஓர் எழுத்து, மெல்லொலிக்கு ஓர் எழுத்து என்று பிரித்துவிட்டதால் இரண்டும் கலப்பதில்லை. பொற்றாசியம் என்ற எழுத்தைப் பார்த்துச் சிரிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. வாலைத் தெளிவாக எழுதினால் போதும்.

இன்னொரு இடத்திலும் மாணவர்கள் தடுமாறுவார்கள். புண்ணைக் கழுவத் தண்ணீரில் கலக்கும் ஊதா நிறப் படிகத்தைத் தோட்டத்து டிரெஸரும் மருந்துக் கடைக்காரரும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்பார்கள். பாடநூலில் அது காலியும் மங்கனாட், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரோமன் எழுத்தில் 7. இது எங்கிருந்து வந்த ஏழு?

கணக்கு இதுதான். பொட்டாசியத்துக்கு எப்போதும் கூட்டல் 1. ஆக்சிஜனுக்குப் பொதுவாகக் கழித்தல் 2. இந்தச் சேர்மத்தில் ஆக்சிஜன் நான்கு. ஆகக் கழித்தல் 8. மொத்தம் பூஜ்யம் ஆக வேண்டும். அப்படியானால் மாங்கனீசின் பங்கு கூட்டல் 7. அந்த எண்ணைத்தான் பெயரோடு சேர்த்து எழுதுகிறார்கள். பச்சை நிறமுள்ள மங்கனாட் 6 என்ற வேறு சேர்மமும் உண்டு. எண்ணை விட்டுவிட்டால் எது என்று தெரியாது. மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு அந்த ஏழு மறந்துபோகும். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்கு மறக்காது.

தோட்டத்தில் அதே பொருள்

பொட்டாசியத்தைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கெடாவின் தோட்டப்புறங்களிலேயே அது நிறைந்திருக்கிறது.

ரப்பர் பால் ஆலையில் 'கே.ஓ.எச். எண்' என்று ஒரு சோதனை உண்டு. செறிவாக்கிய பாலில் உள்ள அமிலத்தை ஈடுகட்ட எவ்வளவு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவைப்படுகிறது என்பதை அந்த எண் காட்டும். பால் எவ்வளவு நன்றாகப் பாதுகாக்கப்பட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். கே பொட்டாசியம், ஓ ஆக்சிஜன், எச் ஹைட்ரஜன். டேவி மின்சாரம் பாய்ச்சிய காரப் பொட்டாஷும் இதே பொருள்தான்.

செம்பனைத் தோட்டத்தில் கதை இன்னும் சுவையானது. பழம் உதிர்த்த வெற்றுக் குலையில் பொட்டாசியம் அதிகம். முன்பு ஆலைகளில் அந்தக் குலைகளை எரித்து, சாம்பலை மரத்தடியில் போடுவார்கள். அது நல்ல பொட்டாஷ் உரம். ஐரோப்பாவில் பானையில் காய்ச்சியதும் கெடாவில் ஆலைச் சூளையில் எரித்ததும் அடிப்படையில் ஒரே வேலை. புகையால் காற்று கெடுவதால் எரிப்பது குறைந்து, இப்போது குலைகளை அப்படியே நிலத்தில் பரப்புவதோ மக்கிய உரமாக்குவதோ வழக்கமாகிவிட்டது.

பொட்டாசியம் குறைந்தால் செம்பனையின் முதிர்ந்த மட்டைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேரும். அப்போது சிறுதோட்டக்காரர் உரக் கடைக்குப் போகிறார். அங்கே மூட்டையில் என்.பி.கே. என்று மூன்று எழுத்து. பொட்டாசியத்தின் முதல் எழுத்து 'பி' தானே என்று நினைத்தால் தவறு. அந்த 'பி' பாஸ்பரஸ். பொட்டாசியத்துக்கு உரியது கடைசியில் நிற்கும் 'கே'. இது தெரியாமல் நடு எண் பெரிதாக உள்ள மூட்டையை வாங்கினால், காசு போகும், மரம் தேறாது.

அந்த எண்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் நாட்டில் பரவலாக விற்கும் ஒரு வகை 12:12:17:2. இதில் 17 என்பது பொட்டாசியத்தின் அளவு என்று எண்ணிவிடக் கூடாது. பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டால் வரும் அளவு அது. மூட்டைக்குள் அந்த ஆக்சைடு கிடையாது. செடியை எரித்துச் சாம்பலை ஆராய்ந்த 19-ஆம் நூற்றாண்டில் ஆக்சைடாகக் கணக்கெழுதினார்கள். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. 0.83-ஆல் பெருக்கினால் உண்மையான பொட்டாசியம் கிடைக்கும். 50 கிலோ மூட்டையில் 17 விழுக்காடு என்றால் 8.5 கிலோ, அதில் பொட்டாசியம் ஏறக்குறைய 7 கிலோ.

தனிப் பொட்டாஷ் உரத்துக்குக் கடையில் எம்.ஓ.பி. என்று பெயர். விரித்தால் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ். மியூரியேட் என்பது உப்புநீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பழம்பெயர். குளோரின் தனித் தனிமம் என்று 1810-இல் டேவி காட்டிய பிறகு, இது குளோரைடு என்று ஆனது. பாடநூல் மாறியது; உரக் கடை மாறவில்லை. எம்.ஓ.பி. என்றாலும், காலியும் குளோரிடா என்றாலும், பொட்டாசியம் குளோரைடு என்றாலும் ஒன்றுதான். மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் இல்லாததால் இது முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022-இல் ரஷ்யா, உக்ரேன் போர் மூண்டபோது நம் ஊர் உர விலையும் எகிறியது அதனால்தான்.

சமையலறையில் அதே பொருள்

தோட்டத்தில் மூட்டையாக வரும் பொட்டாசியம் குளோரைடு, சுத்தம் செய்யப்பட்ட வடிவில் சமையலறைக்கும் வருகிறது. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பவற்றில் பலவற்றில், சாதாரண உப்பின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது நன்மை தரலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில், சாதாரண உப்புக்குப் பதிலாக இத்தகைய உப்பைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொன்னது.

காரணம் என்ன? உடம்பில் கூடுதலாகச் சேரும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தங்கும். இரத்தத்தில் அதன் அளவு சுமார் 3.5 முதல் 5 வரை இருப்பது இயல்பு. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சிறிது மாறும். மிகவும் கூடினால் இதயத் துடிப்பே தடம் மாறும். பல நேரம் முன்கூட்டியே அறிகுறி எதுவும் தெரியாது.

இப்போது அந்தப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். "உப்பக் குறைங்க" என்று சொன்னார்கள். மகள் அக்கறையோடு சோடியம் குறைந்த உப்பை வாங்கி வருகிறார். பொட்டலத்தில் காலியும் குளோரிடா என்று எழுதியிருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது பொட்டாசியம் என்ற பெயர். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று பெயரும் ஒன்று என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் போதும், அந்தப் பொட்டலம் கடையிலேயே நின்றிருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அறிக்கையில் வரும் 'கே' என்ற எழுத்தைப் பார்த்து, வைட்டமின் கே என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். அது வேறு. இரத்தம் உறையத் துணைசெய்யும் சத்து அது. உறைதல் என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அதற்குப் பெயராயிற்று. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுபவர் கவனிக்க வேண்டியது வைட்டமின் கே. சிறுநீரக நோயாளி கவனிக்க வேண்டியது பொட்டாசியம். எழுத்து ஒன்று, ஆபத்து வேறு.

பயப்பட வேண்டாத பெயரும் ஒன்று உண்டு. உப்புப் பொட்டலங்களில் 536 என்ற எண் இருக்கலாம். அது பொட்டாசியம் பெரோசயனைடு. உப்பு கட்டிபிடிக்காமல் இருக்க மிகச் சிறிய அளவில் சேர்க்க அனுமதிக்கப்பட்டது. சயனைடு என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால், பொட்டாசியம் சயனைடு என்ற கொடிய நஞ்சைப் போல அது வேலை செய்யாது. பெயரை முழுதாகப் படித்தால் அச்சமும் குறையும், அசட்டையும் குறையும்.

ஒரு வரியில் எழுதி வையுங்கள்

எந்தப் பெயர் சிறந்தது என்று வாதிடலாம். பொட்டாசியம் என்றே எல்லாரும் சொல்ல வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். தேர்வில் எழுதப்போகும் மலாய்ப் பெயரே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். தமிழில் தனிச் சொல் வேண்டும் என்ற குரலும் உண்டு. வாதம் நடக்கட்டும். ஆனால் கிளினிக்கில் ஒரு பெயர், பாடநூலில் ஒரு பெயர், உர மூட்டையில் ஒரு பெயர் என்பது நாளைக்கே மாறப்போவதில்லை. இந்த நாட்டில் வாழும் தமிழ்ப் பிள்ளை மூன்றையும் தெரிந்திருக்கத்தான் வேண்டும். அது சுமை என்று நினைக்க வேண்டாம். பத்து என்றால் எண், பத்து என்றால் கல் என்று இரண்டையும் தடுமாறாமல் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது ஒரு பாரமா?

ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். தமிழ்ப்பள்ளியின் மேல் வகுப்பிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டம் போடச் சொல்லலாம். தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், ஆங்கிலப் பெயர், குறியீடு. பொட்டாசியத்தோடும் சோடியத்தோடும் தொடங்கினால் போதும். பெயர் மாறும், குறியீடு மாறாது என்பதைப் பிள்ளை முதல் நாளே கண்டுகொள்ளும். ஆறாம் ஆண்டில் எழுதிய அந்தத் தாள் நான்காம் படிவத்தில் கைகொடுக்கும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது படிக்கும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனைத் தாளில் 'கே' எங்கே இருக்கிறது, எண் எவ்வளவு என்று பிள்ளையைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் காய், எந்தப் பழம், எந்த உப்பு, இளநீர் குடிக்கலாமா என்பதை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு, வீட்டு மொழியில் எழுதி வாருங்கள். சிலருக்குக் காய்கறியை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிடச் சொல்வார்கள். பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பது அதன் காரணம். மருந்தையும் உணவையும் நாமாக மாற்றிக்கொள்வது மட்டும் வேண்டாம்.

அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தால், பக்கத்து வீட்டு அம்மா அடுத்த முறை அன்போடு இளநீர் கொண்டுவரும்போது பாட்டியே சொல்வார்: "எனக்குக் காலியும் கூடியிருக்கு தாயீ. பொட்டாசியம்னாலும் அதேதான். இத நீ பேரப் பிள்ளைகளுக்குக் குடு."